ஒரு மடக்கு கூட மாட்டேன்

— குடி.

— மாட்டேன்.

— அம்மா தாயே, கையெடுத்துக் கும்பிடறேன். இப்பத்தான் ஓடறப்ப வளைவுல சுருண்டு விழுந்தே. பொண்ணுங்க தூக்கிட்டு வந்து இந்த நிழல்ல போட்டிருக்காங்க. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. குடிச்சுத் தொலை!

— வாயைக் கொப்புளிச்சுத் துப்பறேன். அது போதும், மாமா.

— கிரவுண்டுல மாமான்னு கூப்பிடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? இங்க நான் மாஸ்டர்.

— சரி மாஸ்டர். குடிக்க மாட்டேன் மாஸ்டர்.

— கொழுப்பு! உடம்பு பூரா கொழுப்பு. கேட்டுக்கோ, இந்தப் பாட்டிலை நீ காலி பண்ணலேன்னா ஞாயித்துக்கிழமை ரேஸ்ல நீ கிடையாது. அக்கா பொண்ணாச்சேன்னெல்லாம் பாக்க மாட்டேன்.

— பாக்காதீங்க.

— வருஷம் பூரா நாய் மாதிரி ஓடினது இந்த ஒரு ரேஸுக்குத்தானேடி!

— ஆமா, அதுக்குத்தான். நெனச்சா அழுகையா வருது. அப்பவும் குடிக்க மாட்டேன்.

— இந்த வெயில்ல உடம்புல உள்ளது மொத்தமும் வேர்வையா ஊத்திப் போகுது. போனது திரும்ப உள்ள வரணுமா வேணாமா? தாகம் எடுக்கட்டும்னு காத்திருந்தா அதுவே லேட்டு. கைக்குழந்தைக்குச் சொல்ற மாதிரி தினம் தொண்டை கிழியக் கத்தறேன். கேட்டுக்கோ, அந்தப் பசங்களைப் பாரு. ஒவ்வொரு சுத்துக்கும் மடக்கு மடக்கா குடிக்கிறானுங்க.

— குடிப்பானுங்க, குடிப்பானுங்க. சுவத்துக்குப் பின்னாடி போய் நின்னா அவனுங்களுக்கு வேலை முடிஞ்சுது.

— என்ன வேலை?

— ஐயோ, ஒண்ணுமே தெரியாதாக்கும்! குடிச்ச தண்ணி மொத்தமும் வேர்வையாவே போயிடுமா? நாங்க எங்க போறது?

— அது... ஏதாவது வழி வச்சிருப்பீங்கல்ல?

— வச்சிருக்கோமே. முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணி குடிக்கிறதில்ல. அதான் வழி. டீம்ல எல்லாப் பொண்ணுங்களும் அப்படித்தான். புதுசா ஒருத்தி சேர்ந்தா ஓடறதுக்கு முன்னாடி அதைத்தான் சொல்லிக் குடுக்கறோம். நீங்க பாக்கறப்ப பாட்டிலை வாயில கவுத்து, நாக்கால அடைச்சுக்குவோம். தொண்டைக்குள்ள சொட்டு இறங்காது.

— அடிப்பாவிங்களா! பாட்டில் பாட்டிலா வாங்கி அடுக்கினேனே!

— நம்ம டீம்ல இருந்தாளே நெட்டச்சி, அவ ஏன் ஓட வர்றதையே நிறுத்திட்டா தெரியுமா? சோம்பேறி, மூட்டைன்னு எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கினீங்களே. அவளுக்குக் கிட்னியில கல்லு. பாத்ரூம் போறப்பல்லாம் வாயில துணியை வச்சுக் கடிச்சுக்குவாளாம்.

— ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னோமே. ஒதுங்க ஒரு இடம் வேணும்னு அவதான் வந்து நின்னா. ஓட வந்தியா, சொகுசு பாக்க வந்தியான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் யாரு வந்து கேப்பா?

— நிழல்ல உக்கார இடம் கேக்கறான்னு நெனச்சேன்டி... சத்தியமா. சரி, அதை விடு. இத்தாம்பெரிய கிரவுண்டுல பொண்ணுங்களுக்குன்னு ஒண்ணு கட்டாமலா இருப்பாங்க?

— ஏன் கட்டாம? கட்டித்தான் இருக்கு. குழாயில தண்ணி கூட வருது. கதவுல ‘பெண்கள்’னு எழுதியிருந்தது மேல பெயிண்டு அடிச்சுப் பூட்டி வச்சிருக்கு.

— எவன் பூட்டினான்? பேரைச் சொல்லு!

— சொன்னா என்ன செய்வீங்க?

— என்ன செய்வேனா? கேட்டுக்கோ, வாட்ச்மேனா இருந்தாலும் சரி, கமிட்டித் தலைவரா இருந்தாலும் சரி, சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க அத்தனை பேர் கால்லயும் விழ வைக்கிறேன். மனுசனா அவன்? வளர்ற புள்ளைங்களை இப்படிப் பாடா படுத்தறதுக்கு அவனுக்கு மனசாட்சி வேணாம்?

— கால்லல்லாம் விழ வேணாம். சாவியைக் குடுத்தாப் போதும்.

— சாவி எவன்கிட்ட இருக்கு? இப்பவே போய்ப் பிடுங்கிட்டு வர்றேன், சொல்லு!

— எங்கயும் போக வேணாம் மாமா. குதிக்கிற பாயையும் தாண்டற தடைக்கட்டையையும் அடுக்கி வச்சு தினம் பூட்டறீங்களே, அந்த ரூம்தான் அது. விசிலோட உங்க கழுத்துல தொங்குது பாருங்க, சாவி. கழட்டிக் குடுங்க, குடிக்கிறேன்.