ரெண்டாவது நாற்காலிக்கு வச்சிருந்த பணம்

— சார், மச்சானுக்குக் கடன் குடுக்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.

— ம்ம்... ம்...

— ஆடாதீங்க, சோப்பு வாய்க்குள்ள போயிடும்.

— த்தூ! மூஞ்சி பூரா நுரையை அப்பிட்டு அப்புறம் கேள்வி கேக்குற! எவ்வளவு கேக்குறான்?

— கடைக்கு ரெண்டாவது நாற்காலி வாங்கலாம்னு சேத்தேன்ல... அது பூராவும்.

— அடப்பாவி! எதுக்காம்?

— ஜூஸ் கடை வைக்கிறானாம்.

— முன்னாடி கோழிப்பண்ணை வச்சானே?

— கோழிக்குச் சீக்கு வந்தா அவன் என்ன சார் பண்ணுவான்?

— அதுக்குக் குடுத்தது வந்துச்சா?

— வரல. அதான் சார்... இப்போ குடுத்தாத்தானே எந்திரிச்சு நிப்பான்? நின்னாத்தானே பழசும் வரும்?

— தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற. சுவத்தைப் பாரு, ‘கடன் அன்பை முறிக்கும்’னு நீதானே ஒட்டின?

— அது கஸ்டமருக்கு சார். இவன் என் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்.

— பேங்க்ல கடன் குடுக்குற சீட்லயே உக்காந்து தலை நரைச்சவன் சொல்றேன். குடுக்காத.

— சரி, அந்தக் கன்னத்தைத் திருப்புங்க.

— என்னப்பா, கத்தி அழுத்துது?

— தாடி கொஞ்சம் முரடு சார்.

— கோவம்! நீ யோசனை கேக்கல. ‘குடு’ன்னு என் வாயால சொல்ல வைக்கப் பாக்குற.

— அவன் வந்து தலையைக் குனிஞ்சு நின்னா மனசு கேக்க மாட்டேங்குதே! நீங்க யாருக்குமே இரக்கப்பட்டது இல்லையா சார்?

— ... வெளிய சொல்லிடாத.

— சத்தியமா மாட்டேன்.

— உன் மச்சான் என்கிட்டயும் வந்தான். பேங்க்ல முடியாதுன்னுட்டேன். வேலை முடிஞ்சு வெளிய வந்தா, படிக்கட்டுல உக்காந்து அழுறான். தாங்கல... கைக்காசைக் குடுத்துட்டேன்.

— சார்! நீங்களா!

— பேங்க் பணத்துக்கு ஆயிரம் கேள்வி கேப்பேன். என் பணத்துக்கு ஒண்ணுகூடக் கேக்கலப்பா. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன்னு தூக்கமே போச்சு.

— அய்யய்யோ... அதுவும் வரலையா?

— அதான் அதிசயம். வந்துடுச்சு! முழுசா! நான் கேக்கவே இல்ல, தேடி வந்து கையில திணிச்சுட்டுப் போறான்.

— பாத்தீங்களா! நாணயஸ்தன் சார் அவன்!

— நானே அசந்துட்டேன். நான்தான் தப்பா எடை போட்டுட்டேன் போல. குடு, தைரியமா குடு.

— அப்பாடா! வயித்துல பாலை வாத்தீங்க!

— என்னது, இவ்வளவு சந்தோஷம்?

— திட்டுவீங்களேன்னு மறைச்சேன் சார்... குடுத்துட்டேன்.

— குடுத்துட்டியா! எப்போ?

— நேத்து மத்தியானம்... என்ன சார், இப்படி முழிக்கிறீங்க?

— முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை... அவன் எனக்குக் குடுத்தது நேத்து சாயங்காலம்ப்பா. நோட்டெல்லாம் உன் கடைப் பவுடர் வாசனை அடிச்சப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்!