அந்த நாலு பாட்டு

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகும் கொமுட்டர் ரயிலில், என் எதிர் இருக்கையில் இரண்டு நண்பர்கள். பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்திருந்தவர்தான் ஆரம்பித்தார்.

“பழைய பாட்டு ஆறும் பிரச்சினை இல்ல லா. அது வேற யாரோ எழுதின காதல். என் வீட்டுக்காரி ஜாஸ் இசையா மாத்திப் பாடியிருக்கா, அவ்வளவுதான். ஆல்பத்துல மிச்ச நாலும் அவளே எழுதினது. அது யாருக்குடா?”

“உனக்குத்தான். வேற யாருக்கு?”

“அதுல வர்றவன் சீனி போடாம தேத்தண்ணி குடிக்கிறான். நான் மூணு கரண்டி போடுறவன்.”

நண்பர் சிரித்தார். பாத்தேக் சட்டைக்காரர் சிரிக்கவில்லை.

“அவங்க பாட்டுக்குப் பியானோ வாசிக்கிறவரா இருக்குமோ?”

“இல்ல. ரெண்டு தடவ வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். சீனிய அள்ளிப் போடுறான்.”

“அவங்களயே கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டா சொல்லிடுவா. அதான் பயமா இருக்கு.”

அப்போது பாத்தேக் சட்டைக்காரரின் போன் அடித்தது. குரல் சட்டென்று குழைந்தது.

“வந்துக்கிட்டே இருக்கோம்மா... அப்படியா? பாடு, பாடு. ரொம்ப நல்லா இருக்கும்.”

போனை வைத்துவிட்டு நண்பரைப் பார்த்தார்.

“இன்னிக்கு ஆல்பம் வெளியீட்டுல அந்த நாலுல ஒண்ணத்தான் முதல்ல பாடப் போறாளாம். நான் முன் வரிசையில உக்காரணுமாம்.”

“நல்லதுதானே?”

“நீ என் பக்கத்துல உக்காராத. பின்னாடி நின்னுக்க. பாடும்போது அவ யாரப் பாக்குறான்னு பாத்துச் சொல்லு.”