முன் சீட்டு மரியாதை

"எங்க காருக்கு இடது பக்கம் பிரேக் புடிக்கும் மச்சான். வலது பக்கத்துக்கு துஆ ஓதணும்."

தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்க அன்று ஆள் தேவைப்படவில்லை. வேலை கிடைக்காமல் மாத்தளை பஸ்ஸில் நின்றுகொண்டு திரும்பினேன். சொன்னவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மெலிந்த மனிதர். மடியில் புது பிரேக் சூக்கள். பக்கத்தில் இருந்தவர் அவர் மனைவியின் அண்ணன் என்பது பேச்சில் தெரிந்தது. சீட்டில் முக்கால்வாசி அவருக்கே போயிருந்தது.

"அந்தக் காருலயா நாளைக்கு என் தங்கச்சிய பிரசவத்துக்குக் கண்டிக்குக் கூட்டிட்டுப் போற?"

"அதான் இன்னைக்கே பிரேக்க மாத்தப் போறேனே."

"வேற கோளாறு இல்லையே?"

"முன்னால வலது ஸ்பிரிங் ஒடைஞ்சிருக்கு. ஆறு மாசமாச்சு."

"நானும் எத்தனை தடவை வந்தேன், வண்டி சாயலையே!"

"நீங்க இடது பக்கம் ஏறினா நேராயிரும். அதுக்குத்தான் எப்பவும் உங்கள முன்னால உக்கார வைப்பேன்."

"மூத்த மச்சான்னு நீ மரியாதை தாறன்னுல்லடா நெனச்சேன்!"

கண்டக்டர்கூடச் சிரித்தார். அந்தப் பருத்த அண்ணன் சிரிக்கவில்லை. அலுவிகாரை வந்ததும் மணியை அடித்து எழுந்தார்.

"எறங்கு. பழைய ஸ்பிரிங் விக்கிற கடை இங்க இருக்கு. அதையும் இன்னைக்கே போடுறோம். இல்லாட்டி நாளைக்கு நான் ஏற மாட்டேன். நான் ஏறாம உன் வண்டி எப்படிப் போகுதுன்னு பாப்போம்."