இதில் சேராதவை

அயோவா மாநிலம், பிரெல் ஃபோர்க் சிமெண்ட் ஆலையில் முப்பத்தோராண்டு சுற்றுச்சூழல் அலுவலராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி வெர்னா ஹல்வர்சன் அவர்களுக்கு அன்போடு அளிக்கும் மடல்

புகைபோக்கியின் பொய்யையும் மெய்யையும் பிரித்தறிந்தவரே! சுண்ணாம்புத் தூளிலும் சுருங்காத சொல்லுக்குச் சொந்தக்காரரே! கூட்டிச் சொல்லத் தெரியாத, குறைத்துச் சொல்ல மறுத்த குணவதியே! வணக்கம்!

முப்பத்தோராண்டு! அதற்குள் இந்த ஆலை நான்கு முதலாளிகளைக் கண்டுவிட்டது. கரியமில வாயுவைப் பாதியாக்குவோம் என்று வாசல் பலகையில் எழுதிய இலக்கு ஆண்டு மூன்று முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் பலகைக்குப் புது வண்ணம் பூசினோம். பூசிய கைகளும் ஓய்ந்தன. முழங்கிய வாய்களும் ஓய்ந்தன. ஓயாதிருந்தது உங்கள் பேனா ஒன்றுதான்!

எந்த அறிக்கையானாலும் அதன் அடியில் 'இதில் சேராதவை' என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதுவீர்கள். அளக்காத லாரிப் புகை, அளவுக்கருவி பழுதாகிக் கிடந்த இரண்டு நாள் என்று விட்டுப்போனதெல்லாம் அங்கே வந்துவிடும். 'வெர்னாவின் வால்' என்று அதைக் கேலி செய்தோம்.

சென்ற ஆண்டு அந்த வால் ஆலையையே ஆட்டியது. முதல் சூளையை அணைத்துவிட்டு, அதில் வேகவேண்டிய, அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கர் கட்டிகளைக் கடல் கடந்து வரவழைத்தோம். இங்கே புகை நின்றது. அதே புகையை எங்கோ இன்னோர் ஆலை கக்கியது. "முப்பது விழுக்காடு குறைத்தோம்!" என்று நிர்வாகம் முரசு கொட்டியது. அணைந்த சூளையைக் களிமண் சுடும் சூளையாக்கி, கிளிங்கரில் ஒரு பகுதிக்குப் பதிலாக அந்த மண்ணைக் கலந்து சிமெண்ட் செய்யும் திட்டத்துக்குப் பணம் போட மினியாபொலிஸிலிருந்து ஓய்வூதிய நிதிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பணம் வராவிட்டால் நூற்று நாற்பது பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

மேலாளர் டக் ரென்னர் உங்களிடம் அறிக்கையை நீட்டினார். "வெர்னா, இந்த ஒரு தடவை வாலை விட்டுடுங்களேன். உங்க காலைப் பிடிக்கணுமா?"

"கால் வேணாம் டக், பேனாவைக் குடுங்க."

எழுதினீர்கள்: 'இதில் சேராதவை: வெளியே வெந்து வந்த கிளிங்கர். சேர்த்துப் பார்த்தால் குறைப்பு நான்கு விழுக்காடே.'

நிதிக்காரர்கள் பெட்டியை மூடிக்கொண்டு போனார்கள். பதினொரு வாரம் தகவலே இல்லை. சூளைக்காரர் லொன்னி கேன்டீனில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: "ஏம்மா வெர்னா, உங்க நேர்மையை எந்தக் கடையில குடுத்து நான் ரொட்டி வாங்குறது?" அச்சோதனைக் காலத்தில், சூளையின் செங்கல் சுவர்போல் நாங்கள் அனைவரும் உங்கள் பக்கம் உறுதியாய் நின்றோம் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறோம்!

பன்னிரண்டாம் வாரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒன்பது ஆலைகளின் அறிக்கைகளைப் படித்ததில், தன் குறையைத் தானே எழுதியது இது ஒன்றுதான் என்றார் அவர்களின் தலைவி. கேட்டதில் பாதிதான் தந்தார்கள். இப்போது அந்த முதல் சூளையில் களிமண் வேகிறது. கடல் கடந்து கட்டிகள் வருவது நின்றது. முப்பத்தாறு பேருக்கு வேலை போனது. வெற்றி வெற்றி என்று முழங்க எங்களுக்கும் தெம்பில்லை, அம்மா. ஆனாலும் ஆலை ஓடுகிறது. அது உங்களால்தான்.

இனி விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து புகையைப் பார்க்கவேண்டாம். கணவர் கார்லுடன் ஏரிக்கரை வீட்டில் நன்றாகத் தூங்குங்கள். நோயின்றி, தூசியின்றி, நூறாண்டு நிறைவாய் வாழுங்கள்!

இப்படிக்கு,
நன்றி மறவாத
ஆலைப் பணியாளர்கள் நூற்று நால்வர்

இதில் சேராதவை: 'அனைவரும் உங்கள் பக்கம் நின்றோம்' என்று மேலே எழுதியது உண்மையல்ல. அந்தப் பதினொரு வாரமும் கேன்டீனில் உங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை.