சிவப்பு இனா

ஓம் புஸ்பராணி, உதுதான் கொப்பி. அந்தக் கதிரையில இரு, கொஞ்சம் ஆடும், சுவரோட சாத்தினால் சரி. டாக்குத்தர் சாப்பிடப் போயிட்டார், மூண்டு மணிக்கு முன்னம் வரமாட்டார். என்ர இடத்துக்கு உன்னை எடுத்ததை எனக்கு நேற்றுப் பின்னேரம்தான் சொன்னவர். உன்னில எனக்கென்ன கோவம், நீ என்ன செய்வாய்.

நான் வர முன்னம் இஞ்ச கொப்பியும் இல்லை, நேரமும் இல்லை. சனம் விடியக் காலமை வந்து செருப்பை வரிசையா வைச்சிட்டுக் குந்தியிருக்கும். பிறகு என்ர செருப்பைத் தள்ளிப்போட்டாய் எண்டு சண்டை. நான்தான் கோடு கீறி, ஆளுக்குப் பத்து நிமிசம் எண்டு பேர், நேரம் எழுதத் தொடங்கினனான். கமலேஸ்வரி, நீ இல்லாட்டி என்ர டிஸ்பென்சரி ஓடாது எண்டு அவரே சொன்னவர்.

சல்லி ஊர் ஆக்களைப் பின்னேரம் போடு, கிட்டத்தானே, சைக்கிளில வந்து போவினம். இலங்கைத்துறை ஆக்கள்தான் பாவம். ஜெட்டியில லோஞ்சைப் பிடிச்சு மூதூருக்குப் போய், அங்கால ஆமியின்ர சென்றியெல்லாம் தாண்டி, இருட்ட முன்னம் வீடு சேரவேணும். அவையளைக் காலமையே பார்த்துவிட வேணும். அதுக்குத்தான் பேருக்குப் பக்கத்தில சிவப்புப் பேனையால 'இ' எண்டு ஒரு இனா. இலங்கைத்துறைக்கு இனாதானே? போடச் சொன்னதே டாக்குத்தர்தான்.

ஐயோ, இப்ப போடாதை பிள்ளை. அதைத்தான் சொல்ல வாறன்.

போன ஆவணியில ரவுண்டப், ஊரைச் சுத்தி வளைச்சாங்கள். ஆமி உள்ள வந்து கொப்பியைத் தூக்கினாங்கள். கூட வந்தவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். இனா எண்டால் இயக்கம்தானே எண்டான். அண்டைக்கு ஆறு இனா. ஆறு பேரையும் ஏத்தினாங்கள். அது ஊர்ப் பேர் எண்டு நான் கத்திக் கத்திச் சொன்னன். டாக்குத்தரைக் கேட்டாங்கள். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அது கிளாக் பிள்ளையின்ர வேலை, எனக்கொண்டும் தெரியாது எண்டார். என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னவர். நம்ப வைச்சுக் கழுத்தறுக்கிறது எண்டால் இதுதான்.

ஐஞ்சு பேர் நாலாம் நாள் வந்திட்டினம். இலங்கைத்துறை ஆக்கள்தான் எண்டு அந்த ஊர் விதானையார் கடிதம் குடுத்தவர். அடையாள அட்டையிலயும் அந்த ஊர்தான் கிடந்தது.

மற்ற ஆளோ? இன்னும் உள்ளுக்குத்தான். அட்டையில சல்லி எண்டு கிடக்கு. சல்லி ஆளுக்கு எதுக்கு இனா எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?

டாக்குத்தர் ஒரு கடிதம் தந்தால் போதும். அந்த ஆளைக் கெதியாக் காட்டி அனுப்பத்தான் இனா போட்டது எண்டு அவருக்கு வடிவாத் தெரியும், அண்டு காலமை அதைப் பார்த்துச் சிரிச்சவர். நான் சொன்னால் செல்லாதாம். இண்டைக்குத் தாறன், நாளைக்குத் தாறன் எண்டு ஏழு மாசம் இழுத்தடிச்சார். அதுக்காகத்தான் இந்த மனிசனுக்குக் கீழ இவ்வளவு நாளும் இருந்தனான். நேற்றுத் திரும்பவும் கேட்டன். இண்டைக்கு நீ வந்து நிக்கிறாய்.

நாலரைக்கு மேல ஆள் போடாதை, ஊரடங்குக்கு முன்னம் பூட்டவேணும். பேரை மட்டும் எழுது, ஊர் வேண்டாம்.

ஆரெண்டோ கேக்கிறாய்? ஆனந்தராசா. என்ர தம்பி. கையில தூண்டில் முள்ளு ஏறிச் சீழ் பிடிச்சிருந்தது. பின்னேரம் கடலுக்குப் போகவேணும், காத்திருக்க ஏலாது அக்கா எண்டவன். நான்தான் அவனுக்கும் ஒரு இனா போட்டுவிட்டனான்.