சிக்கந்தரா தோட்டத்தில் கைபேசி பறித்தது சம்பந்தமாக பிராச்சி சொன்னது

பெயர்: பிராச்சி குல்ஷ்ரேஷ்டா. வயது: 27. தகப்பனார்: ஹரிமோகன் குல்ஷ்ரேஷ்டா, நீர்ப்பாசனத் துறை, ஓய்வு. தொழில்: பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. விலாசம்: பழைய மண்டித் தெரு, ஹாத்ரஸ்.

நான் மேற்படி விலாசத்தில் என் தாய் தந்தையுடன் குடியிருந்து வருகிறேன். இட்டாவாவைச் சேர்ந்த ஓம்பிரகாஷ் நிகம் என்பவர் கொடுத்த புகாரில், அவருடைய மகளின் கையிலிருந்த கைபேசியை நான் பறித்துக்கொண்டு ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். பறித்தது உண்மை. ஓடியது பொய். நான் நடந்துதான் வந்தேன், அதுவும் நேராக வாசலில் நின்ற காவலரிடம் வந்தேன், அதன் பிறகு அவரோடு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து கைபேசியை மேஜை மேல் வைத்தேன். திருடுகிறவர்கள் இப்படிச் செய்வதில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புகாரில் நான் நான்கு இடத்தில் வருகிறேன், நான்கு இடத்திலும் 'பெண்' என்று மட்டுமே இருக்கிறது. எனக்குப் பெயர் இருக்கிறது, மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆக்ராவில் இருக்கும் என் அத்தை மாலினி, நிகம் அவர்களின் மகன் அபினவுக்கு என்னைப் பார்க்க ஏற்பாடு செய்தார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால், பிடிக்கவில்லை என்று சொல்லும்போது இரு பக்கமும் மனம் நோகும் என்பதால், எங்கள் பக்கத்தில் பலரும் செய்வது போல, இரண்டு குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை சிக்கந்தராவில் அக்பர் சமாதியைச் சுற்றிப் பார்க்க வருவது, அங்கே தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது, கல்யாணம் என்ற வார்த்தையை யாரும் எடுக்காமல் பேசிவிட்டுப் பிரிவது என்று முடிவானது. இந்த வழக்கம் இதை எழுதும் ஏட்டு ஐயாவுக்கும் தெரியும். தன் மைத்துனியைத் தாஜ்மஹாலில் வைத்துக் காட்டியதாக அவரே சற்று முன் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்கிறார். நான் எழுதச் சொல்கிறேன்.

என் போட்டோ அவர்களுக்குப் போயிருந்தது, பையனின் போட்டோ எங்களுக்கு வரவில்லை, அதனால் எங்களை அறிமுகம் செய்து வைக்க அத்தை வருவதாக இருந்தது. காலையில் மாமாவுக்கு வயிற்றுப்போக்கு என்று வரவில்லை. போனில் என் அப்பாவிடம், "பச்சை சால்வை போத்தின அம்மா, கண்ணாடி போட்ட பையன், சமாதிப் படிக்கட்டுப் பக்கம் நிப்பாங்க. நீங்களா போய்ப் பேச்சுக் கொடுங்க அண்ணா, ஆனா யாரு என்னன்னு கேட்டு வைக்காதீங்க, அசிங்கமாயிடும்" என்றார். பிப்ரவரி மாதக் குளிரில் ஆக்ராவில் பச்சை சால்வை போர்த்திய அம்மா ஒருவர்தான் இருப்பார் என்று அத்தை எப்படி நினைத்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் பெரிய வாசலின் படி ஏறி உள்ளே போனோம். மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா என்னிடம் மெதுவாக நட, நிமிர்ந்து நட, ரொம்ப நிமிராதே என்று மூன்றையும் ஒன்றாகச் சொன்னார். முந்தின நாள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கால் இடறியிருந்ததால் எனக்கு வலது கணுக்கால் லேசாக வலித்தது. படிக்கட்டுக்கு அருகில் பச்சை சால்வை அம்மாவும், கண்ணாடி போட்ட ஒருவரும், பெரியவர் ஒருவரும் மரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நேராகப் போய்க் கைகூப்பி, "என்ன பாய்சாப், அக்பரைப் பார்க்க வந்தீங்களா?" என்றார். அந்தப் பெரியவர், "வேற யாரு இருக்கா இங்க பார்க்க?" என்று சிரித்து, ஜமக்காளத்தில் இடம் விட்டார்.

அவர்கள் நிகம் குடும்பம் இல்லை. பரேலியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த ரஸ்தோகி குடும்பம். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்கக் கூடாது என்பது விதி, நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் நல்ல மனிதர்கள், யாரோ மரியாதை தெரிந்தவர்கள் பேச வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். என் அம்மா பூரியும் உருளைக்கிழங்கும் கேரட் அல்வாவும் எடுத்து வைத்தார். அப்பா தன் கையாலேயே பரிமாறினார். கண்ணாடிக்காரர் தான் மருந்துக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நிகமின் மகன் மின்வாரியப் பொறியாளர் என்று அத்தை சொல்லியிருந்தது எங்களுக்கு நினைவிருந்தது. அம்மா என் காதில், "உத்தியோகத்தைப் பெருசாக் காட்டிக்காம அடக்கமாப் பேசறான் பாரு" என்றார். நான் இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அந்த அரை மணி நேரத்தில் என்னை யாரும் எடை போடுவது போல எனக்குத் தோன்றவில்லை, அதனால் இந்தக் குடும்பம் பரவாயில்லை என்று நினைத்தேன். எடை போடாததற்குக் காரணம் அவர்கள் அதற்கு வரவில்லை என்பதே.

அதன் பிறகு ஒரு பெண், குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "மானுக்கு பிஸ்கட் குடுத்தா குரங்கு புடுங்கிட்டுப் போயிடுச்சுங்க" என்று சொல்லி, கண்ணாடிக்காரரின் மடியில் குழந்தையை உட்கார வைத்தார். குழந்தை அவரை அப்பா என்றது. என் அம்மா பூரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்பா, "இது யாரு?" என்றார். பெரியவர், "எங்க மருமகதான், வேற யாரு?" என்றார். அதற்கு மேல் விதியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் அப்பா விஷயத்தை உடைத்துச் சொன்னார். ரஸ்தோகி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, "இதுல உனக்கு என்னடா கண்ணு வெட்கம், நாங்கதான் உங்க அல்வாவைக் காலி பண்ணிட்டோம்" என்றார். அவரைச் சாட்சியாக அழைக்க வேண்டுமென்றால் அவருடைய எண் என்னிடம் இருக்கிறது.

நாங்கள் எழுந்தபோதுதான், எதிர்ப்பக்கம் வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்ததையும், அதில் ஒரு பெண் கைபேசியை என் பக்கம் பிடித்திருந்ததையும் பார்த்தேன். அங்கே இருந்த அம்மாவும் பச்சை சால்வைதான் போர்த்தியிருந்தார். நான் நேராக அவர்களிடம் போனேன். கைபேசியைப் பிடித்திருந்தவர் நிகமின் மகள் ஷிவாங்கி. நாங்கள் வாசலில் நுழைந்ததிலிருந்து, நடந்தது, படி ஏறியது, சாப்பிட்டது, வாயைத் துடைத்தது எல்லாம் எடுத்திருந்தார்கள். தாங்கள் பார்க்க வந்தவர்கள் நாங்கள்தான் என்று தெரிந்தும், தப்பான குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தும், ஒருவர்கூட எழுந்து வந்து சொல்லவில்லை.

நான், "அழிங்க" என்றேன். ஷிவாங்கி, "எதுக்கு? பொண்ணு பார்க்க வந்தோம், பார்த்தோம்" என்றார். நிகம், என் பின்னால் வந்த அப்பாவைப் பார்த்து, "ஒரே நாள்ல எத்தனை வீட்டுக்குக் காட்டறீங்க பாய்சாப்? எங்களுக்கு எத்தனாவது நம்பர்?" என்றார். அப்பா கைகூப்பியபடி தவறு நடந்துவிட்டது என்று விளக்கிக்கொண்டே இருந்தார். தன்னைவிட வயதில் சின்னவரிடம் அப்பா அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. நான் மறுபடி அழிக்கச் சொன்னேன், ஷிவாங்கி கைபேசியைப் பைக்குள் போடப் போனார், நான் பறித்தேன். அவருடைய கையில் கீறல் என்று புகாரில் இருப்பது அவருடைய வளையல் பட்டது. என் நகங்களை இங்கே காட்டியிருக்கிறேன். ஆய்வகத்தில் வேலை செய்கிறவள் நகம் வளர்ப்பதில்லை.

அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு எல்லோரும் வந்தோம். என் அப்பா இங்கே வந்ததிலிருந்து என்னிடம், "ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடும்மா, பேர் கெட்டுப்போகும், உன் அம்மா முகத்தைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வீடியோவை அழித்தால் கைபேசியைக் கொடுத்துவிடுகிறேன், மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன் என்றேன். நிகம் மன்னிப்பு வேண்டும் என்றார். உதவி ஆய்வாளர் அம்மா, எதைப் பற்றி இத்தனை சண்டை என்று தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஷிவாங்கியைக் கைபேசியின் பூட்டைத் திறக்கச் செய்து, எல்லோர் முன்னிலையிலும் வீடியோவை ஓடவிட்டார்.

படத்தில் நான் இருந்தேன். சத்தத்தில் அவர்கள் இருந்தார்கள். நிகம் அம்மாவின் குரல், "நிறம் கம்மிதான், போட்டோவுல வெள்ளையாக் காட்டிட்டாங்க" என்றது. நிகமின் குரல், "வலது கால் இழுக்குது பாரு, மறைக்கறாங்க. இன்னொரு தடவை படி ஏறட்டும், எடு" என்றது. "அக்கா, முகத்தைக் கிட்டக் கொண்டு வா" என்ற குரல் அபினவுடையது. அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அது ஒன்றுதான். அதன் பிறகு படத்தில் என் அப்பா குனிந்து ரஸ்தோகி அவர்களுக்குப் பூரி வைத்தார். நிகமின் குரல் சிரித்துக்கொண்டே, "சொல்லாதே, சொல்லாதே, இருக்கட்டும். அப்பனைப் பாரு, யாருன்னே தெரியாம பரிமாறறான். பொண்ணைத் தள்ளிவிட என்ன அவசரம்" என்றது.

அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். உதவி ஆய்வாளர் அம்மா போட்டார். நிகம் அப்போது அப்பாவின் தோளில் கை வைத்து, "வீட்டுக்குள்ள பேசற பேச்சு பாய்சாப், மனசுல வெச்சுக்காதீங்க. எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சுத்தான் இருக்கு. அதை அழிச்சிடுவோம், புகாரையும் வாபஸ் வாங்கிக்கறேன், மீதியை வீட்ல உட்கார்ந்து பேசுவோம்" என்றார். எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அபினவ், "டெலீட் பண்ணிடறேன் அங்கிள்" என்று கைபேசிக்குக் கை நீட்டினார். அப்பா நிகமின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "என் பொண்ணைக் கேளுங்க" என்றார். அதன் பிறகு மன்னிப்பு என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை.

அந்த வீடியோ தோட்டத்திலிருந்தே கான்பூர், ஜான்சி உறவினர்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டுவிட்டது என்பது இங்கே பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இனி இந்தக் கைபேசியில் அழித்தால் அழியப்போவது நான் அல்ல, இங்கே சாட்சியாக இருக்கும் அவர்களுடைய குரல் மட்டுமே. எனவே காலையிலிருந்து அழிக்கச் சொல்லி நின்ற நானே, இப்போது அதை அழிக்கக் கூடாது என்றும், கைபேசியைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, என் சம்மதம் இல்லாமல் என்னைப் படம் எடுத்துப் பரப்பியதற்கு என் பெயரில் ஒரு புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். என் பேர் கெடும் என்று சொல்லப்பட்டது. கெடட்டும்.

நான் சொன்னதை ஏட்டு ஐயா எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதல்ல, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பிராச்சி குல்ஷ்ரேஷ்டா

உடனிருந்தவர் ஒப்பம்: ஹரிமோகன் குல்ஷ்ரேஷ்டா. நானும் அழிக்கச் சொல்லவில்லை.