ஜெகநாதன் மாஸ்டர் கேட்ட வெயில்

மேடையில் அமர்ந்திருக்கும் காய்கறி விவசாயிகள் சங்கத் தலைவர் திரு. ரவிச்சந்திரன் அவர்களே, நிர்வாகிகளே, ஜமுக்காளத்தில் அமர்ந்திருக்கும் பெரார்கஞ்ச் மக்களே, மறைந்த மாஸ்டரின் மனைவி ருக்கு அக்காவே, வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, ஜெகநாதன் மாஸ்டருடைய பசுமைக்குடிலின் கூரையைக் கழுவியது. மூங்கில் முனையில் பழைய சேலையைச் சுற்றி, பிளாஸ்டிக் தாளில் படிந்திருந்த பாசியைத் துடைத்தேன். ருக்கு அக்கா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். "அவரு படுத்ததுல இருந்து யாரும் தொடைக்கல. உள்ள இருட்டிக் கெடக்குது பாரு" என்றார்.

எனக்கு முன் பேசியவர்கள் மாஸ்டரை நிழல் தரும் மரம் என்றார்கள். நிழல்! அந்த மனிதர் இத்தனை வருடம் எதோடு சண்டை போட்டார் என்று உங்களில் ஒருவருக்குமா நினைவில்லை?

சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரின் கச்சால் தீவில் இருந்து எல்லாவற்றையும் இழந்து வந்தவர் அவர். இங்கே அந்தமானிலும் பள்ளத்து வயல்களில் உப்பு நின்றது. கப்பல் தாமதித்தால் தக்காளி கிடையாது. அப்போது பசுமைக்குடில்கள் வந்தன. சங்கச் செயலாளராக இருந்து உங்களுக்கு நாற்று விடக் கற்றுக்கொடுத்தவர் யார்? மாஸ்டர்தான்.

குடிலோடு, கூரைமேல் விரிக்க அடர்த்தியான பச்சை நிழல் வலையும் வந்தது. கீரைக்குச் சரி, தக்காளிக்கு ஆகாது என்றார். பாதி வருடம் மேகம் மூடிக்கிடக்கும் ஊரில், காலையில் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் மறித்தால் செடி எதைத் தின்னும் என்று கேட்டார். அவர் நிழலுக்கு எதிரியும் அல்ல. மார்ச் மாத உச்சிவெயிலில் குடைமிளகாய் வெந்துபோகாமல் வலையை இழுத்துவிடுவார். வெயில் தாழ்ந்ததும் சுருட்டிவிடுவார். அதனால்தான் கயிறு போட்டுக் கட்டச் சொன்னார்.

அன்று தலைவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அரே மாஸ்டர்ஜி, தெனம் சுருட்டி விரிக்க இது என்ன தோணிப் பாயா? ஆணி அடிச்சுட்டா வேலை கதம்." நீங்கள் சிரித்தீர்கள். ஆணி அடித்தீர்கள்.

செடிகள் வெளிச்சம் தேடிக் கொடிபோல நீண்டன. பூ உதிர்ந்தது. தப்பிய காய் கோலிக்குண்டு அளவில் நின்றது. வலையைக் கழற்றினீர்களா? இல்லை. மாஸ்டர் எடுத்துக்கொடுத்த விதை கெட்டது என்று சொல்லி, மாஸ்டரைக் கழற்றினீர்கள். பிறகு உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தக்காளி வேண்டுமென்று அவர் வாசலிலேயே வந்து நின்றீர்கள். அவர் கொடுத்தார். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

துக்கத்துக்கு வந்த இடத்தில் கோபம் அழகில்லை என்று எனக்கும் தெரியும். வரும் வழியெல்லாம் அதை அடக்கிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் சற்றுமுன் தலைவர் ஓர் அறிவிப்புச் செய்தார். மாஸ்டர் பெயரில் இரண்டு மாடி நினைவு மண்டபம். இடம், அவருடைய குடிலை ஒட்டிய கிழக்கு மனை. நீங்கள் கைதட்டினீர்கள்.

கிழக்கே! நம் ஊரில் காலை வெயில் வேறு எந்தப் பக்கமாக வருகிறது? சுவரில் அவர் பெயரை எழுதி, அந்தச் சுவரின் நிழலை அவர் செடிகள்மேல் போடப்போகிறீர்கள். ருக்கு அக்கா இனி அந்தக் குடிலை நம்பித்தான் சாப்பிட வேண்டும். அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அந்த மனை என்னுடையது. மாஸ்டருக்காக என்று நீங்கள் கேட்டபோது, எவ்வளவு உயரம், நிழல் எங்கே விழும் என்று யோசிக்காமல் சரி என்றேன். இன்று காலை பாசியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வெயில் என் மனையைத் தாண்டித்தான் அவர் செடிகளுக்கு வந்துகொண்டிருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

மனையைத் தரமாட்டேன். மாஸ்டரின் வேலையைத் தொடர்வேன் என்று எல்லோரும் சொன்னீர்கள், நானும் சொல்கிறேன். கூரையை நான் கழுவுவேன். வலையை நான் சுருட்டுவேன். என் மனையில் கீரை விதைப்பேன். முழங்காலுக்கு மேல் வளரும் எதுவும் அங்கே நிற்காது.